கோபாலபுரத்தில் ஒரு சுரம் கூடுதல்

1

இன்று மாலை ஆறு மணிக்குக் கோபாலபுரத்தில் எங்கள் இசை விழாவின் இரண்டாம் ஆண்டு தொடங்குகிறது. அதை ஆரம்பித்து வைத்த நான் ஸ்வீடன் நாட்டின் மால்மோ நகரில், மூன்றாவது மாடியில், முழங்காலில் கட்டுடன் உட்கார்ந்திருக்கிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள் நந்தினி அங்கே நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். முறைப்படி பார்த்தால் இது தலைகீழ்.

முழங்கால் அறுவைக்கு ஒன்றரை வருடம் வரிசையில் காத்திருந்தேன். முறை வந்தது இந்தப் பிப்ரவரியில். தேதியை மாற்றிக் கேட்டால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். வரிசையை மதியுங்கள் என்று இருபத்தாறு வருடம் மற்றவர்களுக்குச் சொன்னவன் நான். மதித்தேன்.

அந்த இருபத்தாறு வருடமும் இந்த ஊர் நகர நிர்வாகத்தில் எனக்கு ஒரே வேலைதான். பூங்காவில் பாட வேண்டுமா, சதுக்கத்தில் கூடாரம் அடிக்க வேண்டுமா, தெருவில் ஊர்வலம் போக வேண்டுமா, அனுமதிக்கு என் மேசைக்கு வர வேண்டும். நான் யாருக்கும் மறுத்ததில்லை. ஆறாவது இணைப்பு இல்லை என்று திருப்பி அனுப்புவேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விண்ணப்பித்தவர்களுக்குத்தான் கடைசிவரை புரியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, பிறருடைய விழாக்களைத் தடுத்தது போதும், ஒன்றை நடத்திப் பார்ப்போம் என்று தோன்றியது. சென்னையில் என்று சொன்னதும் மயிலாப்பூர் நண்பர்கள் சிரித்தார்கள். தெருவுக்கொரு சபா இருக்கும் ஊரில் இன்னொரு கச்சேரியா? நியாயமான கேள்வி. நாம் ராகம் என்று சொல்வதற்கு அரபு நாடுகளில் மகாம் என்று பெயர். துருக்கியில், பாரசீகத்தில் என்று அந்தக் குடும்பம் நீள்கிறது. ஆதார சுருதி ஒன்று, அதன்மேல் இன்னின்ன சுரங்கள், அவற்றுக்குள் நடந்துபோக ஒரு வழி. இவ்வளவு நெருங்கிய சொந்தக்காரர்கள் ஒரே பந்தலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பழைய உருப்படியும் வாசிக்கலாம், நேற்று போட்ட மெட்டும் வாசிக்கலாம். நுழைவுச்சீட்டு கிடையாது. மார்கழி சீசன் முடிந்து சபாக்கள் ஓய்ந்திருக்கும் பிப்ரவரியில் இரண்டு நாள். இதுதான் திட்டம்.

திட்டத்துக்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் குறிப்பை எழுத முடியாது.

2

அப்போது நந்தினிக்குப் பதினான்கு வயது. இங்கே ஒரு பள்ளியின் அடித்தளத்தில் ஞாயிறுதோறும் தமிழ்க் குழந்தைகளுக்குப் பாட்டு வகுப்பு நடக்கும். விஜயதசமியன்று மேடையேறி மாயாமாளவகௌளையில் ஒரு கீர்த்தனை பாடினாள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த நான், பாதியில், "ரி ஏறிடுச்சு" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அடித்தளத்தில் எதிரொலி அதிகம்.

அவள் பாடி முடித்தாள். வணங்கினாள். அதன்பிறகு என் முன்னால் பாடவில்லை. வகுப்புக்குப் போவதையும் நிறுத்தினாள். அழவில்லை, சண்டை போடவில்லை. இந்த நாட்டுப் பிள்ளைகள் கதவைச் சாத்தும்போது சத்தமே கேட்காது.

எங்கள் கட்டடத்தில் துணி துவைக்கப் பொதுவாக ஒரே அறை. யார் எந்தக் கிழமை எந்த மணிக்கு என்று சுவரில் பட்டியல் இருக்கும். பட்டியலை மீறியவனைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். எங்கள் முறை செவ்வாய் மாலை. அடுத்த முறை கீழ்த்தளத்தில் இருந்த அபு சலீமுடையது. இராக்கில் பாஸ்ராவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர். அவரிடம் ஊத் இருந்தது. வயிறு பெருத்து, கழுத்து குட்டையாக, மெட்டுக் கட்டைகளே இல்லாத நரம்பு வாத்தியம். துணி எடுக்கக் கீழே போகும் நந்தினி ஒரு மணி நேரம் கழித்து மேலே வர ஆரம்பித்தாள். மனைவி கவலைப்பட்டாள். நான் பட்டியலைப் பார்த்து, அவர் முறையை நாம் ஆக்கிரமிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டேன்.

ஒரு வருடத்தில் அவளுடைய அறையிலேயே ஊத் கேட்க ஆரம்பித்தது. அதிகம் வாசிப்பது பயாத்தி என்ற மகாம். அதில் இரண்டாவது சுரம் நம்முடைய இரண்டு ரிஷபங்களுக்கும் நடுவில் நிற்கும். சின்ன ரியும் இல்லை, பெரிய ரியும் இல்லை. சுவர் வழியாக முதன்முதலில் கேட்டபோது எனக்குக் கை பரபரத்தது. எழுந்துபோய்க் கதவைத் தட்டித் திருத்த வேண்டும் போலிருந்தது. போகவில்லை. என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல முடிவுகளைப் பட்டியல் போட்டால் நீளமாக வராது. அதில் இது உண்டு.

முதல் ஆண்டுச் சென்னை விழாவின் முதல் நாள் அவள் வாசிப்பாளா என்று கேட்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. இருபத்தெட்டு வயதுப் பெண், தனி வீட்டில் இருப்பவள். காப்பிக்கு வந்திருந்தபோது கேட்டேன்.

"வரேன். ஆனா ஒண்ணு. உன் பொண்ணுன்னு யாருக்கும் சொல்லாதே, அப்பா."

"ஏன்?"

"சொன்னா பாவம்னு கை தட்டுவாங்க. எனக்கு அது வேணாம். அவங்க கேக்கட்டும். தப்பா இருந்தா எழுந்து போகட்டும்."

ஒப்புக்கொண்டேன். அழைப்பிதழில் 'நந்தினி, மால்மோ' என்று மட்டும் அச்சிட்டேன். ஆனால் எனக்குத் தெரியும், மயிலாப்பூர்க் காதுக்கு அந்த நடு ரி என்னவாகக் கேட்கும் என்று. எனக்குக் கேட்டதுபோலத்தான் கேட்கும். பதினான்கு வயதில் என் வாயால் கேட்டதை இருபத்தெட்டு வயதில் ஒரு ஊர் வாயாலேயே கேட்கப் போகிறாள்.

3

என் அக்கா வசந்தா கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பள்ளியின் முற்றத்தையும் மேடையையும் இரண்டு நாள் மாலைக்கு அவளே கேட்டு வாங்கிவிட்டாள். ஒரு பக்கம் வாசல் கேட், கேட்டருகில் ஒரு வேப்பமரம், எதிர்ப்பக்கம் மேடை. மீதி வேலை என்னுடையது.

காவல் நிலையத்துக்குக் கொடுக்க வேண்டிய விண்ணப்பத்தை மால்மோவிலேயே தயார் செய்துவிட்டேன். ஒன்பது இணைப்புகள். மேடையின் அளவு, நாற்காலிகளின் வரைபடம், தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது, மழை வந்தால் என்ன செய்வது. சென்னைக்கு வந்து இறங்கியதும் நந்தினியையும் கூட்டிக்கொண்டு போனேன். உதவி ஆய்வாளர் கட்டைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"இன்னா சார் இது, கேஸ் கட்டா?"

"இசை விழாவுக்கு அனுமதி. ஒன்பது இணைப்பு."

அவர் புரட்டினார். "பிப்ரவரில மழை வந்தான்னு ஒரு பக்கம் எழுதிக்கீறீங்க."

"வரலாமே."

"டிஜே உண்டா?"

"இல்லை."

"ஊர்வலம்?"

"இல்லை."

"பின்ன யாரு சார் வாசிக்கிறது?"

"முதல் நாள் நாதஸ்வரமும் ஊத்தும். அடுத்த நாள் வேறு நாலு பேர்."

"நாயனத்துக்கா சார் ஒம்போது இணைப்பு? ஸ்கூலுக்குள்ள வெக்கிறீங்க, பத்து மணிக்குள்ள முடிச்சிருவீங்க. ஒரு வெள்ளைத் தாள்ல நாலு வரி எழுதிக் குடுங்க, போதும்."

இதற்குள் நந்தினி புன்னகையுடன் அவரிடம் சொன்னாள்: "நீயும் வா. ஆறு மணிக்கு வந்துடு. முன்னாடி உக்காரு."

பக்கத்து மேசை எழுத்தரின் பேனா நின்றது. விளக்க வேண்டியது என் கடமை. அவளுக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் வீட்டில் நாங்கள் அவளிடம் பேசிய தமிழ். அதில் 'நீங்க' என்ற சொல்லே வராது. இதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் உதவி ஆய்வாளர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"வரேம்மா. எங்க அக்காவுக்கு அப்புறம் என்னை இப்டி அதட்டிக் கூப்புட்டது நீதான்."

அனுமதி அன்றே கிடைத்தது. அன்று எனக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தை இங்கே மறைக்கப் போவதில்லை. ஏழாவது இணைப்பில் நான் இரண்டு நாள் உழைத்திருந்தேன்.

4

விழாவுக்கு முந்தைய நாள் காலை, அக்கா வீட்டுக் கூடத்தில் ஒத்திகை. முதல் நாள் நிகழ்ச்சி இதுதான்: கேட்டருகில் நாதஸ்வரத்தில் மங்கள இசை, பிறகு நந்தினி தனியாக, கடைசியில் பத்து நிமிடம் இரண்டும் சேர்ந்து. நாதஸ்வரக்காரர் முருகேசன் சைதாப்பேட்டை. தி.நகர் மண்டபம் ஒன்றில் முகூர்த்தம் வாசித்துவிட்டு, சந்தனம் காயாத நெற்றியுடன் பைக்கில் வந்தார். மைக் செட் ரஃபீக் பாய், மூன்று தலைமுறையாக ராயப்பேட்டை. வீட்டில் உருது, தொழிலில் மெட்ராஸ் தமிழ்.

இருவரும் சேர்ந்து வாசித்த முதல் நொடியில் அக்கா எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

முருகேசன் நாதஸ்வரத்தை இறக்கினார். "அம்மா, நீங்க ரெண்டு கட்டைல கீறீங்க. நானு ரெண்டரை."

முருகேசன் என் பக்கம் திரும்பினார். "சார், நாலு பக்கத்துக்கு ஃபாரம் குடுத்தீங்க. அவசரம்னா யாரைக் கூப்புடணும்னு கேட்டீங்க. இன்னா சாப்டா ஒத்துக்காதுன்னு கேட்டீங்க. ரத்தம் இன்னா குரூப்புன்னுகூடக் கேட்டீங்க. சுருதி இன்னான்னு கேக்கவே இல்லியே சார்."

கேட்கவில்லை. கலைஞர்களுக்கு நான் தயாரித்த படிவத்தில் நாற்பத்தொரு கேள்விகள். உலகத்தில் எந்த ஊர்க் கூடாரத்துக்கும் பொருந்தும். ஒரு பாட்டு வாத்தியார் ஏழு வயதுக் குழந்தையிடம் முதலில் கேட்பதை மட்டும் விட்டிருந்தேன்.

நாதஸ்வரம் மரம். அதன் சுருதி கடையும்போதே முடிவாகிவிட்டது. மாற வேண்டுமானால் ஊத் மாற வேண்டும். பதினோரு நரம்புகளையும் அரைக் கட்டை ஏற்ற வேண்டும். ஏற்றினால் அறுந்து போகலாம். அவளிடம் மாற்று நரம்பு ஒரு செட்தான் இருந்தது.

"சேர்ந்து வாசிக்கிறதை எடுத்துடலாம்" என்றேன். "நிகழ்ச்சி நிரலில் ஒரு திருத்தம்னு போட்டா முடிஞ்சுது."

"வேணாம்பா" என்றாள் நந்தினி. "நான் ஏத்தறேன்."

"எங்க மாமன் கையில ரெண்டு கட்டை நாயனம் ஒண்ணு கீது" என்று முருகேசன் ஆரம்பித்தார். அவள் தலையசைத்தாள். "நீ உன்னோடதையே வாசி. உனக்குப் பழகினது." முருகேசன் நாதஸ்வரத்தை உறையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "நல்ல பொண்ணு சார், எங்க புடிச்சீங்க?" என்றார். எனக்குச் சொல்ல ஆசைதான். ஒப்பந்தம் இருந்தது.

ரஃபீக் பாய்க்கு வேறு கவலை. "சார், இவரு ஊதினா அந்த வாத்தியம் யார் காதுலயும் வியாது. நாயனத்துக்கு மைக்கே வோணாம். இவரைக் கேட்டாண்ட, அந்த வேப்பமரத்துக்குக் கீய நிக்க வெய்ங்க."

"பாய், பேசாம என்னை ரோட்டுக்கே அனுப்பிடேன்."

"ரோட்டுக்குப் போனா டிராபிக்குல பர்மிஷன் வாங்கணும் மச்சி. சார் வெச்சிருப்பாரு, கவலைப்படாதே."

வைத்திருந்தேன். நான்காவது இணைப்பு. ஆனால் சொல்லவில்லை.

அன்று பகல் முழுவதும் அவள் பால்கனியில் உட்கார்ந்து நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். ஏற்றிய நரம்பு இழுத்துக்கொண்டு தணியும். மறுபடி ஏற்ற வேண்டும். மூன்று மணிக்கு ஒன்று அறுந்து விரலில் கோடு போட்டது. அக்கா மஞ்சள் பூசிவிட்டு என்னைத் திட்டினாள். "டேய், எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி பேசுவியே. குழந்தை கையைப் பாரு." அன்று நான் செய்த ஒரே உதவி, எது சேர்ந்தது எது சேரவில்லை என்று வாயைத் திறக்காமல் இருந்தது. பழக்கமில்லாதவர்களுக்கு அது எவ்வளவு கடினமான வேலை என்று தெரியாது.

5

முக்கால்வாசி நாற்காலி நிறைந்தது. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு என்று அக்காவின் பழைய மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், நேரில் வந்த உதவி ஆய்வாளர். முதல் வரிசையில் தொடையில் தாளம் போடும் ஒரு வெள்ளை ஜிப்பாக்காரர், பக்கத்தில் அவர் மனைவி.

முருகேசன் கேட்டருகில் வாசித்து முடித்ததும் நந்தினி மேடையேறினாள். பயாத்தியைத் தொட்டாள். முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் அசையாமல் கேட்டார்கள். பிறகு முதல் வரிசையில் அந்த அம்மாள் குனிந்து கேட்டார்: "தோடி மாதிரி ஆரம்பிச்சா. இப்போ எங்கேயோ போயிண்டிருக்காளே. என்ன ராகம்ன்னா இது?"

"ராகம் கிடக்கட்டும். ரி சேரலை" என்றார் ஜிப்பாக்காரர்.

நான் மேடையின் பக்கவாட்டில் நின்றிருந்தேன். கேட்டது. இரண்டு பேர் எழுந்து காப்பி வைத்திருந்த மேசைப் பக்கம் போனார்கள். நம் ஊரில் பிடிக்காததைக் கூச்சலிட்டுச் சொல்ல மாட்டார்கள். காப்பி குடிக்கப் போவார்கள். நந்தினி கண்ணை நிமிர்த்தி அவர்கள் போவதைப் பார்த்தாள். வாசிப்பதை நிறுத்தவில்லை.

அப்போது பின் வரிசையிலிருந்து ஒரு சீட்டு புறப்பட்டது. வித்வானுக்கு ரசிகர் எழுதி அனுப்பும் துண்டுச் சீட்டு. கைமாறி வரும் வழியில் எல்லோரும் பிரித்துப் படித்துவிட்டு மடித்துக் கொடுப்பது வழக்கம். படித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் சிரித்தார். சீட்டு என் கைக்கு வந்தது. மேடையில் கொண்டுபோய் வைக்க வேண்டியது என் வேலை.

இருபத்தாறு வருடத்தில் என் மேசைக்கு வந்த எந்தத் தாளையும் நான் மறைத்ததில்லை. அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

உருப்படி முடிந்தது. கைதட்டல் மரியாதைக்கு வந்தது. நந்தினி மைக்கில் பேசினாள்.

"அப்பா, அது எனக்கு வந்தது. பாக்கெட்லேர்ந்து எடு."

ரஃபீக் பாயின் மைக் செட் நல்ல மைக் செட். கேட்டில் நின்ற காவலாளிகூடத் திரும்பிப் பார்த்தார். நூறு முகம் என் பக்கம் திரும்பியது. தன் நிபந்தனையைத் தானே உடைத்ததை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

"எனக்குத் தமிழ் படிக்க வராது. நீ படி. சத்தமா."

எடுத்துப் பிரித்தேன். பென்சில் எழுத்து. எழுதியவர் பெயர் இல்லை. சத்தமாகப் படித்தேன்.

'இரண்டாவது சுரம் எங்கள் கணக்கில் இல்லை. ஆனால் தவறு மாதிரியும் படவில்லை. நீங்கள் ஒவ்வொரு தடவையும் சரியாக அதே இடத்துக்கு வருகிறீர்கள். அதை மட்டும் நிறுத்தி வாசித்துக் காட்ட முடியுமா?'

நந்தினி ஒருமுறை தலையாட்டினாள். முதலில் நம் சின்ன ரியை மீட்டினாள். கூட்டம் தலையசைத்தது. பிறகு பெரிய ரி. அதற்கும் தலையசைத்தது. பிறகு இரண்டுக்கும் நடுவே விரலை வைத்து, அந்தச் சுரத்தை மட்டும் மீட்டிவிட்டு, முழுவதும் அடங்கும்வரை விட்டாள். மறுபடி மீட்டினாள். ஜிப்பாக்காரர் தொடையில் போட்டுக்கொண்டிருந்த கையை எடுத்தார்.

மூன்றாம் தடவை அது அடங்கும்போது எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து நாதஸ்வரம் எழுந்தது. முருகேசன், வேப்பமரத்தடியிலிருந்து, யாரும் கேட்காமலே அந்தச் சுரத்தைத் தேட ஆரம்பித்திருந்தார். கொஞ்சம் மேலே பிடித்தார். விட்டார். கொஞ்சம் கீழே. பிறகு உதட்டையும் மூச்சையும் மட்டும் வைத்து மெல்ல மெல்ல ஏற்றி, ஊத் நின்ற இடத்தில் வந்து நின்றார். கூட்டம் மொத்தமும் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தது. மேடையில் ஒன்று, கேட்டில் ஒன்று, நடுவில் நாங்கள். நிரலில் போட்டிருந்த பத்து நிமிடம் அரை மணியாயிற்று. காப்பி குடிக்கப் போனவர்கள் டம்ளரோடு திரும்பி வந்து, உட்கார மறந்து நின்றபடி கேட்டார்கள்.

முடிந்ததும் ஜிப்பாக்காரர் என்னிடம் வந்தார். "சேரலைன்னு சொன்னேன். உங்க காதுல விழுந்திருக்கும். அது என்னோட அவசரம்" என்றார். பிறகு, "உங்க பொண்ணா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இவ்வளவு சின்னக் கேள்விக்கு இவ்வளவு சந்தோஷமாக நான் பதில் சொன்னதில்லை.

நந்தினி என் பக்கம் பார்க்கவேயில்லை. முருகேசனிடம் போய், உதட்டை எப்படி வைத்தாய், இன்னொரு தடவை காட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

6

நவம்பரிலேயே அவள் மறுபடி சென்னைக்குப் போய்விட்டாள். அக்கா வீட்டில் தங்கி, வாரத்தில் மூன்று நாள் சைதாப்பேட்டையில் முருகேசனுடன் உட்காருகிறாள். இந்த வருட அனுமதிக் கடிதத்தை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு பக்கம். இணைப்பு இல்லை.

இங்கே மணி ஒன்று. அங்கே ஐந்தரை. ஜன்னலுக்கு வெளியே மழையும் அல்லாத பனியும் அல்லாத ஒன்று பெய்துகொண்டிருக்கிறது. சற்று முன் தொலைபேசியில் அவள் முகம் வந்தது. வியர்வை. பின்னால் ரஃபீக் பாய் யாரையோ ஏணியிலிருந்து இறங்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஒரு வேலை இருக்கு. எனக்குப் பதினெட்டு வயசாச்சுன்னதும் ஒரு கார்டு வாங்கித் தரேன்னியே. விசா இல்லாம இந்தியா வந்து இருக்கிறதுக்கு. அது இப்பவும் வாங்கலாமா?"

பதினெட்டு வயதில் அதை அவள் வேண்டாம் என்றாள். எனக்கு எதுக்கு, அங்கே எனக்கு என்ன இருக்கு என்றாள்.

"வாங்கலாம். எவ்வளவு நாள் இருக்கப் போறே?"

"ரெண்டு வருஷம். கத்துக்கிட்டு வந்துடுவேன்."

முப்பத்தொரு வருடத்துக்கு முன் மீனம்பாக்கத்தில் என் அப்பாவுக்கு நானும் சரியாக இதே கணக்கைத்தான் சொன்னேன். அப்பா கேள்வி கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தார். நானும் கேட்கவில்லை. "படிவம் நான் நிரப்பறேன்" என்றேன்.

அந்த அட்டைக்கு எல்லோரும் தகுதியானவர்கள் அல்ல. விண்ணப்பிப்பவருடைய தாயோ தந்தையோ இந்தியராக இருந்ததற்குச் சான்று இணைக்க வேண்டும். குடியுரிமை மாறியபோது மூலை வெட்டித் திருப்பிக் கொடுத்த என் பழைய கடவுச்சீட்டு அலமாரியில், துணிகளுக்கு அடியில் இருந்தது. கட்டுக் காலுடன் எழுந்துபோய் எடுத்தேன். முதல் பக்கத்தில் கன்னம் ஒட்டிய ஓர் இளைஞன். பிறந்த இடம்: மெட்ராஸ்.

மேசை ஸ்கேனரில் நகல் தெளிவாக விழவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி ஒன்று எடுத்தேன்.